எந்தத் தோட்டத்திலும் பூக்காத பூங்கொத்து

கேள்வி இதுதான்: "17-ஆம் நூற்றாண்டு டச்சுப் பூ ஓவியங்களில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மறைபொருள் உண்டு என்கிறார்களே, நிஜமா? அந்தப் பூக்களை எப்படித்தான் தொட்டுப் பார்க்கத் தோன்றும்படி வரைந்தார்கள்?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில் உண்டு: கொஞ்சம் நிஜம், நிறைய மிகை. இரண்டாம் பாதிக்கு அப்படிச் சுருக்கமாகச் சொல்ல வராது. இரண்டையும் கலந்தே சொல்கிறேன். இந்தப் படங்களின் அர்த்தத்தில் பாதி, அவற்றை வரைந்த விதத்திலேயே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு படத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் அம்ப்ரோசியஸ் பொஸ்ஹார்ட் 1618 வாக்கில் வரைந்த பூச்சாடி ஓவியம் இருக்கிறது. மரப்பலகைமேல் எண்ணெய் வண்ணம். 64 செ.மீ. உயரம், 46 செ.மீ. அகலம், செய்தித்தாளின் ஒரு பக்கத்தைவிடச் சற்றுதான் பெரியது. வளைவு வைத்த கல் ஜன்னல், அதற்கு அப்பால் நீலம் பாய்ந்த தூரத்து நிலவெளி. ஜன்னல் திட்டில் கண்ணாடிக் குவளை, அதில் டியூலிப்பும் ரோஜாவுமாக அடைசலாகப் பூக்கள். திட்டின்மேல் ஒடித்துப் போட்ட கார்னேஷன், பக்கத்தில் கடல் கடந்து வந்த கிளிஞ்சல்கள். இலைகளில் பூச்சி அரித்த ஓட்டைகள்.

கொஞ்ச நேரம் பார்த்தால் சில விஷயங்கள் உறுத்த ஆரம்பிக்கும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் எல்லார் முகமும் தெரியவேண்டும் என்று போட்டோகிராபர் நிற்க வைப்பாரே, அதுபோல ஒவ்வொரு பூவும் நம்மைப் பார்த்து நிற்கிறது. ஒன்று இன்னொன்றை அவ்வளவாக மறைப்பதில்லை. அத்தனை காம்புகளும் அந்தக் குவளையின் வாய்க்குள் அடங்காது. வீட்டில் செய்து பார்த்தால் குவளை கவிழ்ந்துவிடும். அப்புறம் பருவம். அந்த ஊரில் டியூலிப் பூப்பது ஏப்ரல், மே மாதங்களில். ரோஜா ஜூனில் வரும். பசுமைக் குடிலும் குளிர்பதனப் பெட்டியும் இல்லாத காலத்தில் இவை இரண்டும் ஒரே நாளில் புத்தம் புதிதாக ஒரே குவளையில் இருந்திருக்க வழியில்லை.

அதாவது அப்படி ஒரு பூங்கொத்து எந்த மேஜையிலும் இருந்ததில்லை. டியூலிப் பூக்கும்போது டியூலிப்பையும், ரோஜா பூக்கும்போது ரோஜாவையும் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு பலகையில் கோத்திருக்கிறார்கள். பொஸ்ஹார்ட்டின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே பூ, அதே கோணத்தில், அதே மடிப்போடு வெவ்வேறு குவளைகளில் தலைகாட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சரி, இப்போது மறைபொருள். வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான், தும்பை சூடினால் நேருக்கு நேர் போர் என்று படித்து வளர்ந்த நமக்கு, பூ என்றால் அதற்கு ஒரு பொருள் இருந்தே தீரவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது இலக்கணம் வகுத்துவைத்த ஏற்பாடு. பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் பொது. ஆம்ஸ்டர்டாமில் அப்படியொரு தொல்காப்பியம் கிடையாது. இணையத்தில் சுற்றும் "இந்தப் பூவுக்கு இந்த அர்த்தம்" பட்டியல்களில் பல, 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸிலும் லண்டனிலும் கிளம்பிய பூமொழிப் புத்தக மோகத்தின் மிச்சம். அதை இருநூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளி டச்சு ஓவியர் தலையில் கட்டுவது சரியில்லை.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பூக்கள் தனி ஓவியமாக ஆவதற்கு முன்னால் தேவாலயப் படங்களில்தான் குடியிருந்தன. ஹ்யூகோ வான் டெர் கூஸ் 1475 வாக்கில் வரைந்த போர்த்தினாரி பலிபீட ஓவியம் ஃபிளாரன்ஸின் உஃபிஸியில் இருக்கிறது. குழந்தை இயேசு தரையில் கிடக்க, முன்னால் இரண்டு ஜாடிகளில் லில்லி, ஐரிஸ், கார்னேஷன், கொலம்பைன். பக்கத்தில் ஒரு கட்டு கோதுமைக் கதிர். கோதுமை, நற்கருணை அப்பம். கார்னேஷனுக்கு அந்தப் பக்கத்து மொழிகளில் 'ஆணிப்பூ' என்று பெயர், ஆகவே சிலுவை ஆணி. ஹான்ஸ் மெம்லிங் 1485 வாக்கில் ஒரு மனிதர் பிரார்த்திக்கும் உருவப்படத்தின் முதுகுப்புறத்தில் பூ ஜாடி மட்டும் வரைந்தார். ஜாடிமேல் இயேசுவின் பெயர்க் குறியையே எழுதிவிட்டார். அங்கெல்லாம் சந்தேகத்துக்கு இடமே இல்லை. லில்லி என்றால் கன்னி மரியாளின் தூய்மைதான்.

நூறு ஆண்டு கழித்து அதே லில்லி பொஸ்ஹார்ட் கைக்கு வரும்போது கதை மாறுகிறது. அவர் குடும்பம் ஆண்ட்வெர்ப்பிலிருந்து மத நெருக்கடிக்குத் தப்பி மிடில்பர்க் வந்த புராட்டஸ்டண்ட் குடும்பம். மரியாள் வழிபாட்டைத் தள்ளிவைத்த வீட்டுச் சுவரில் அந்த லில்லி மரியாளைத்தான் சொல்கிறதா? பழைய நினைவு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் வாங்கியவர் அதற்காக வாங்கினார் என்று சொல்ல ஆதாரம் வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே பொருள், பூ வாடும் என்பது. இதற்கு அகராதி தேவையில்லை, வேதாகமம் போதும். "மாம்சமெல்லாம் புல்லைப்போலவும், அதின் மேன்மையெல்லாம் வெளியின் பூவைப்போலவும் இருக்கிறது" என்ற ஏசாயா வசனம் அந்த ஊரில் எல்லாரும் கேட்டு வளர்ந்தது. பிரசங்கியின் "மாயை மாயை, எல்லாம் மாயை" என்ற வரியிலிருந்துதான் 'வானிடாஸ்' (லத்தீனில் மாயை) என்ற ஓவிய வகைக்கே பெயர். ஜாக் டி கெய்ன் 1603-இல் வரைந்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: மாடத்தில் மண்டையோடு, மேலே மிதக்கும் குமிழி, ஓரத்தில் ஒரு டியூலிப். மண்டையோட்டையே வைத்துவிட்ட பிறகு டியூலிப் என்ன சொல்கிறது என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

என் வழக்கம் இது: படத்திலேயே மண்டையோடு, மணல் கடிகாரம், சிலுவை, எழுத்து ஏதாவது இருந்தால் நீதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் அவசரப்பட மாட்டேன். வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டைப் பிளந்து வெளியே வருவதால் உயிர்த்தெழுதல் என்பார் ஒருவர். நாலு நாளில் சாவதால் நிலையாமை என்பார் இன்னொருவர். ஒரே பூச்சி நேர் எதிரான இரண்டுக்கும் சாட்சி சொன்னால் எந்த நீதிபதி ஏற்பார்? யான் டேவிட்ஸ் டி ஹேம் கண்ணாடிக் குவளையின் வயிற்றில் அறையின் ஜன்னல் பிரதிபலிப்பதை வரைவார். அந்த ஜன்னல் சட்டம் சிலுவை வடிவில் இருப்பதால் அது கிறிஸ்துவின் சிலுவை என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஜன்னல் சட்டம் வேறு எந்த வடிவில் இருக்கும், சொல்லுங்கள்.

கேலியும் அந்தக் காலத்திலேயே இருந்தது. ரூமர் விஸ்ஸர் என்ற ஆம்ஸ்டர்டாம் தானிய வியாபாரி, கவிஞரும்கூட, 1614-இல் படத்தோடு நீதிமொழி சொல்லும் நூல் ஒன்று வெளியிட்டார். அதில் டியூலிப் படத்தின் மேலே, முட்டாளும் அவன் பணமும் சீக்கிரம் பிரிந்துவிடும் என்று போட்டார். கிளிஞ்சல் வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கும் தனியாக ஒரு குட்டு. நாலு வருஷம் கழித்து பொஸ்ஹார்ட் தன் ஜன்னல் திட்டில் இந்த இரண்டையுமே அடுக்கிவைக்கிறார். கேலியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படங்களை வாங்கக் கூடியவர்கள் வீட்டில் டியூலிப்பும் இருந்தது, கிளிஞ்சல் பெட்டியும் இருந்தது. தன்னைக் கிண்டலடிக்கும் படத்துக்கு யார் அவ்வளவு காசு கொடுப்பார்கள்? 1621-இல் பூ ஓவியம் ஒன்றை ஒப்படைக்க ஹேக் போன இடத்தில்தான் பொஸ்ஹார்ட் இறந்தார். அந்த ஒரே படத்துக்கு விலை 1,000 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). கைத்தொழிலாளி ஒருவரின் மூன்று வருஷச் சம்பாத்தியத்துக்குக் கிட்டத்தட்ட.

வாங்கியவர் வாயாலேயே கேட்க வேண்டுமென்றால் மிலான் கர்தினால் ஃபெதரீகோ பொரோமேயோ இருக்கிறார். ஆண்ட்வெர்ப் ஓவியர் யான் ப்ரூகல் 1606-இல் அவருக்காக ஒரு பெரிய பூங்கொத்து வரைந்தார். நூறு வகைக்கு மேல் பூக்கள், எல்லாம் நேரில் பார்த்து வரைந்தவை, உள்ளூரில் கிடைக்காததைப் பார்க்க பிரஸ்ஸல்ஸ் வரை போனேன் என்று கடிதம் எழுதினார். ஜாடியின் கீழே ஒரு வைர நகையையும் சில காசுகளையும் வரைந்துவைத்தார். அந்த நகையின் விலை எவ்வளவோ அவ்வளவைப் படத்துக்குக் கொடுத்தேன் என்று கர்தினால் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். பனிக்காலத்தில் எல்லாம் உறைந்து கிடக்கும்போது, வரைந்த பூக்களைப் பார்த்து மகிழ்வதாகவும், வாசனையைக்கூடக் கற்பனை செய்துகொள்வதாகவும் அவரே சொல்கிறார். இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்ந்த பதவிக்காரர். லில்லி தூய்மை, கார்னேஷன் ஆணி என்று வகுப்பெடுக்க அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவர் பேசியதோ பனிக்காலத்தைப் பற்றியும் வைரத்தின் விலையைப் பற்றியும்.

இடையில் டியூலிப் பித்து, அதாவது டியூலிப் கிழங்குகளைத் தாறுமாறான விலைக்கு வாங்கி விற்ற மோகம், பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பித்துதான் பூ ஓவியங்களைப் பிறப்பித்தது என்று எங்கும் எழுதுகிறார்கள். விலை ஏறி வெடித்துச் சரிந்தது 1637 பிப்ரவரியில். அதற்குள் பொஸ்ஹார்ட் இறந்து 15 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னொன்று: வெள்ளை இதழில் சிவப்புத் தீ நாக்குபோல் ஓடும் கோடுகளுக்குத்தான் அப்போது அதிக மதிப்பு. அந்தக் கோடு ஒரு வைரஸ் நோய், அசுவினிப் பூச்சி பரப்புவது. இது தெரியவந்தது 1920-களில். நோயாளிச் செடியை அழகென்று நுணுக்கி நுணுக்கி வரைந்திருக்கிறார்கள். நிலையாமைக்கு இதைவிடப் பொருத்தமான குறியீடு வேண்டுமா? ஆனால் வரைந்தவருக்கு அது தெரியாதே, அதனால் கணக்கில் சேராது.

இனி கைவேலை. பலகையில் சுண்ணத்தூளும் விலங்குப் பசையும் கலந்து பூசி, வழவழவென்று தேய்ப்பார்கள். செப்புத் தகட்டிலும் வரைவதுண்டு. தகடு வண்ணத்தை உறிஞ்சாது, அதனால் பீங்கான் போன்ற மினுமினுப்பு கிடைக்கும். பூக்களின் இடத்தைக் குறித்துக்கொண்டு, முதல் பூச்சாக மங்கலான அடிவண்ணம் கொடுப்பார்கள். டச்சில் அதற்குச் 'செத்த வண்ணம்' என்று பெயர். உயிர் கொடுப்பது அதற்குமேல் வரும் பூச்சுகள்.

சிவப்பு ரோஜாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிவப்பைக் குழைத்து நேராகப் பூசினால் ரோஜா வராது, செங்கல்தான் வரும். முதலில் ஈய வெள்ளையோடு கொஞ்சம் சாதிலிங்கச் சிவப்பு சேர்த்து வெளிர் இளஞ்சிவப்பில் முழுப் பூவையும், இதழ் மடிப்பு, மேடு பள்ளம் எல்லாம் தெரிய வரையவேண்டும். அது நன்றாகக் காய்ந்தபிறகு, கொச்சினீல் பூச்சியிலிருந்தோ மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்தோ எடுத்த சாயத்தைப் படிகாரத்தால் படியவைத்துச் செய்த 'லேக்' சிவப்பை எண்ணெயில் மெல்லியதாகக் கரைத்து மேலே ஓட்டவேண்டும். நிழல் விழும் இடத்தில் இரண்டு மூன்று தடவை, வெளிச்சத்தில் ஒரே தடவை. வெளிச்சம் அந்தக் கண்ணாடிப் பூச்சுக்குள் நுழைந்து, அடியிலுள்ள வெள்ளையில் மோதி, சிவப்பாகத் திரும்பி வருகிறது. இதழுக்கு உள்ளிருந்தே ஒளி வருவதுபோலத் தோன்றுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

சொல்வதற்கு எளிது. நான் பொஸ்ஹார்ட்டின் ரோஜா ஒன்றை நகலெடுக்க உட்கார்ந்தபோது, அடிப்பூச்சைத் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை, மூன்று நாள்தான் ஆகியிருந்தது. காய்ந்துவிட்டது என்று நம்பி லேக்கை ஓட்டினேன். தூரிகை போன இடமெல்லாம் அடியிலிருந்த வெள்ளை கிளம்பி வந்து, ரோஜா முழுக்க ரோஸ்மில்க் ஆகிவிட்டது. ஆளி விதை எண்ணெய் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் இருக்கும். அடுத்த தடவை இரண்டு வாரம் விட்டுவைத்தேன், அப்புறம்தான் வழிக்கு வந்தது.

அந்த இரண்டு வாரக் காத்திருப்பில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. டியூலிப் குவளையில் ஒரு வாரம் தாங்கும். ஒரு பூச்சு காய்வதற்குள் பூ உதிர்ந்துவிடும். இந்த முறையில் வரைகிறவர் எவரும் ஒரு பூங்கொத்தை எதிரே வைத்து அதை அப்படியே வரைந்து முடிக்க முடியாது, விரும்பினாலும் முடியாது. பருவங்கள் கலந்துபோனதற்குத் தத்துவம் ஒரு காரணமாக இருக்கலாம். எண்ணெய் காயும் வேகமும் ஒரு காரணம்.

பனித்துளி பற்றிக் கேட்காமல் யாரும் இருப்பதில்லை. வெள்ளையில் உருண்டையாக ஒரு பொட்டு வைப்பதல்ல. இடமேலிருந்து வெளிச்சம் வருவதாகக் கொள்ளுங்கள். துளிக்குள் வெளிச்சம் வரும் பக்கம் இலையைவிடக் கருமையாகவும், எதிர்ப்பக்கம் இலையைவிட வெளிச்சமாகவும் இருக்கும், ஏனென்றால் துளி ஒரு லென்ஸ். துளிக்கு வெளியே வலக்கீழே மெல்லிய நிழல். கடைசியில் அந்தக் கரும்பகுதிக்குள் ஊசிமுனையளவு வெள்ளை. இலையின் பச்சையையே கொஞ்சம் இருட்டாக்கி, கொஞ்சம் வெளுப்பாக்கினால் போதும், தண்ணீருக்கென்று தனி வண்ணம் கிடையாது. செய்து பாருங்கள், பத்து நிமிஷத்தில் வரும்.

பூச்சிகளுக்குக் குறுக்குவழியும் இருந்தது. ஓட்டோ மார்சேயஸ் வான் ஸ்க்ரீக் நிஜ வண்ணத்துப்பூச்சியின் இறகையே ஈர வண்ணத்தில் அழுத்தி எடுத்திருக்கிறார். செதில்கள் இன்னும் படத்தில் ஒட்டியிருக்கின்றன. எனக்கு இது ஏமாற்றாகத் தெரியவில்லை, உங்களுக்கு எப்படியோ.

பொஸ்ஹார்ட்டின் குரூப் போட்டோவிலிருந்து ஓவியம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்க்க ரேச்சல் ரொய்ஷிடம் வரவேண்டும். 1664-இல் பிறந்தவர். அப்பா ஃபிரெடெரிக் ரொய்ஷ், ஆம்ஸ்டர்டாமில் உடற்கூறியல், தாவரவியல் பேராசிரியர். உடல் உறுப்புகளையும் பூச்சிகளையும் செடிகளையும் அழுகாமல் பதப்படுத்துவதில் பேர் பெற்றவர். அந்தச் சேகரிப்பை 1717-இல் ரஷ்யப் பேரரசர் பீட்டரே வாங்கிக்கொண்டார். அழிவதை நிறுத்திவைப்பது அந்த வீட்டுத் தொழில் என்று சொல்லலாம். ரேச்சல் 15 வயதில் வில்லெம் வான் ஆல்ஸ்டிடம் வேலை கற்கச் சேர்ந்தார். பத்துப் பிள்ளைகள் பெற்றார், ஜெர்மன் இளவரசர் ஒருவருக்கு அரசவை ஓவியராக இருந்தார், 83 வயதிலும் வரைந்தார். கடைசிக் காலப் படங்களில் கையெழுத்தோடு தன் வயதையும் எழுதிவைப்பார். அந்தப் பெருமை அவருக்குத் தகும்.

அவர் படத்தில் பூக்கள் நம்மைப் பார்ப்பதில்லை. ஒன்று முதுகைக் காட்டும், ஒன்று கனம் தாங்காமல் தொங்கும், காம்பு வளைந்து குறுக்கே ஓடும். பளிச்சென்ற பெரிய பூக்கள் நடுவில்; ஓரத்துக்குப் போகப்போக வண்ணம் அடங்கி, கடைசி இலைகள் இருட்டோடு கரைந்துவிடும். அதனாலேயே கொத்து உருண்டு முன்னால் வருகிறது. ஓரத்தில் இருக்கும் பூவைச் சரியாகத் தெரியாதபடி வரைய மனசு வரவேண்டும். நகலெடுக்கிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான், நான் உட்பட.

யான் வான் ஹைசம் இன்னும் ஒரு படி மேலே போய், கரும்பின்னணியை விட்டு வெளிச்சப் பின்னணிக்கு வந்தார். வேலை செய்யும்போது யாரையும் உள்ளே விடமாட்டார், சொந்தச் சகோதரர்களையும்கூட. பூவை நேரில் பார்க்காமல் தொடமாட்டார் என்பதற்கு 1742-இல் அவர் எழுதிய கடிதமே சாட்சி: மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை, அதனால் படம் முடியவில்லை என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிறார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவரது படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளும் இருக்கின்றன. ஒரு பூவுக்காக அடுத்த வருஷம்வரை காத்திருந்தார் என்று படித்துக்கொள்ளலாம்.

இவர் படங்களில் இலைகள் சில நீலமாக இருக்கும். சிலர் அதற்கும் அர்த்தம் சொல்வார்கள், நம்பாதீர்கள். பச்சைக்காக நீலத்தின்மேல் தாவரச் சாயத்தில் செய்த மஞ்சளை ஓட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் போய்விட்டது, நீலம் தங்கிவிட்டது. அவர் வரைந்தது பச்சை இலை.

மஞ்சள் ரோஜாவின் கதை இன்னும் மோசம். அதற்கு அரிதாரம் பயன்படுத்தினார்கள். நாடக மேடை ஒப்பனைக்கு நாம் சொல்லும் அதே சொல்தான். அசலில் அது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் ஆப்ரஹாம் மிக்னோன் வரைந்த பூ ஓவியம் இருக்கிறது, பூக்களோடு ஒரு கடிகாரமும் உள்ள படம். அதன் மஞ்சள் ரோஜாவை எக்ஸ்ரே முறைகளால் ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அரிதாரம் வெளிச்சத்தில் சிதைந்து, படத்திலிருக்கும் ஈயத்தோடு சேர்ந்து நிறமற்ற உப்பாக மாறியிருக்கிறது. ஆர்சனிக் எங்கெங்கே இருக்கிறது என்று எடுத்த எக்ஸ்ரே வரைபடத்தில் மட்டும் மிக்னோனின் தூரிகை போட்ட இதழ்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மற்ற பூக்கள் எல்லாம் நேற்றுப் பறித்தவை போலிருக்கும். மஞ்சள் ரோஜாவைத் தேடிப் பிடித்து உற்றுப் பாருங்கள். காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாக, மடிப்பு எதுவும் இல்லாமல் கிடக்கும்.